நடுக்கட்டைகள் பழுதான பியானோ

இயர்போனில் ஒன்றும் கேட்கவில்லையே என்றுதான் வால்யூமைக் கூட்டினேன். காலை நேரத்துக் கடற்கரை ரயில். குரோம்பேட்டையில் ஏறி, எப்படியோ ஜன்னலோரம் இடம் பிடித்திருந்தேன். பாட்டு ஓடுகிறது என்று போன் சொல்கிறது, வினாடிகள் நகர்கின்றன, காதில் விழுவதோ ரயிலின் தடதடப்பு மட்டும். கூட்டினேன். எங்கோ அடியாழத்தில் முரசு உருள்வதுபோல ஓர் அதிர்வு. இன்னும் கூட்டினேன். கனத்த கையால் தயங்கித் தயங்கி யாரோ பியானோ வாசிக்கிறார்கள். சரி, பிடிபட்டுவிட்டது என்று சாய்ந்து உட்கார்ந்தேன். பல்லாவரம் வந்து நிற்கும்போது ட்ரம்பெட்டும் ட்ரம்போனும் முரசும் சேர்ந்து மண்டைக்குள் வெடித்தன. நான் துள்ளிய துள்ளலில் பக்கத்தில் இருந்தவர் நான்காக மடித்துப் படித்துக்கொண்டிருந்த பேப்பர் கீழே விழுந்தது.

"என்ன சார், ஷாக் அடிச்சிருச்சா?" என்றார்.

கிட்டத்தட்ட அதேதான்.

நான் கேட்டுக்கொண்டிருந்தது எஸ்டோனிய இசையமைப்பாளர் ஆர்வோ பேர்ட் 2002இல் எழுதிய 'லாமென்டாட்டே'. பியானோவுக்கும் ஆர்கெஸ்ட்ராவுக்குமான படைப்பு. நிற்காமல் ஓடும் பத்துப் பகுதிகள், முப்பத்தைந்திலிருந்து நாற்பது நிமிடம் வரை. தலைப்பு இத்தாலியச் சொல், 'புலம்புங்கள்' என்று பொருள். தமிழ் பைபிளில் எரேமியாவின் புலம்பல் என்று ஒரு புத்தகம் இருப்பதால் அந்தச் சொல் நமக்குச் சட்டென்று பொருந்திவிடுகிறது. ஆனால் இங்கே அது பெயர்ச்சொல் இல்லை. பலரைப் பார்த்துச் சொல்லும் ஏவல்.

பேர்ட் என்றால் அமைதி என்றுதான் எனக்குப் பழக்கம். யோகா வகுப்பிலும் சோகமான படக்காட்சிகளிலும் பின்னால் ஓடி ஓடி, அவர் இசை ஏறக்குறைய ஊதுவத்தி ஆகிவிட்டது. அந்த மனிதரிடமிருந்து இப்படியொரு அடி வரும் என்று எதிர்பார்க்கவில்லை. அன்று மாம்பலத்தில் இறங்கும்போதே, இதைச் சும்மா விடுவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன்.

அவர் வாழ்க்கையில் எனக்குப் பிடித்த செய்தி ஒன்று உண்டு. 1935இல் எஸ்டோனியாவில் பய்டே என்ற ஊரில் பிறந்தவர், வளர்ந்தது ரக்வெரே என்ற சிற்றூரில். வீட்டில் ஒரு பழைய பியானோ இருந்திருக்கிறது. அதன் நடுப்பகுதிக் கட்டைகள் பழுது. வலது கோடியில் இருக்கும் கீச்சுச் சுரங்களும் இடது கோடியில் இருக்கும் கனத்த சுரங்களும்தான் ஒழுங்காகப் பேசும். பையன் அந்த இரண்டு கோடிகளை வைத்துக்கொண்டே எதையெதையோ முயன்று பார்த்திருக்கிறான்.

பியானோவில் நடுப்பகுதி என்பது மனிதக் குரல் வாழும் இடம். நாம் பாடுவது, பேசுவது, தாலாட்டுவது எல்லாம் அங்கேதான். அது இல்லாத பியானோவில் என்ன வாசிக்க முடியும்? கீழே இடி, மேலே மணி. பிற்காலத்தில் பேர்ட் எழுதியதையெல்லாம் இந்த ஒரு பியானோவைக் கொண்டு விளக்கிவிடலாம் என்று நான் சொன்னால், இசை படித்தவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

முறைப்படி படித்தார், எஸ்டோனிய வானொலியில் ஒலிப்பதிவுப் பொறியாளராகச் சுமார் பத்து வருடம் வேலை பார்த்தார். அந்தக் காலத்து நவீன இசைப் பாணிகளில் எழுதிப் பெயரும் வாங்கினார். 1968இல் 'கிரேடோ' என்று ஒன்று எழுதினார். பாடகர் குழு, ஆர்கெஸ்ட்ரா, கூடவே பியானோ. பழைய ஜெர்மன் இசைமேதை பாக் எழுதிய புகழ்பெற்ற சி மேஜர் பிரெலூட் என்ற சிறு துண்டு அதற்குள் வருகிறது. மெல்ல மெல்லச் சிதைந்து கூச்சலாகி, பிறகு திரும்பி வருகிறது. இயேசு கிறிஸ்துவை விசுவாசிக்கிறேன் என்று லத்தீனில் வெளிப்படையாகச் சொல்லும் படைப்பு அது. சோவியத் ஆட்சியில் அதைத் தாலின் நகரத்து மேடையில் பாட வைத்தால் என்ன ஆகுமோ அது ஆயிற்று.

அதன்பின் 1976 வரை ஏறக்குறைய மௌனம். நடுவே 1971இல் ஒரு சிம்பொனி, பிழைப்புக்குத் திரைப்பட இசை, அவ்வளவுதான். பழைய தேவாலயக் கீதங்களை எழுதி எழுதிப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். அந்த மௌனத்திலிருந்து முதலில் வெளியே வந்தது இரண்டே பக்கத்தில் அடங்கும் ஒரு பியானோத் துண்டு. 'அலினாவுக்காக' என்று பெயர்.

அதை என்னாலும் வாசிக்க முடியும். மகளுக்காக வாங்கிய கீபோர்டு இரண்டு வருடமாகத் துணி போர்த்திக் கிடந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அதை எடுத்துத் தூசி தட்டி உட்கார்ந்தேன். இடது கோடியில் ஒரே சுரத்தின் இரண்டு ஸ்தாயிகளைச் சேர்த்து ஓர் அழுத்து. பெடலை மிதித்துக்கொண்டால் அது அடியில் முழங்கிக்கொண்டே இருக்கும். அப்புறம் இரண்டு கைகளும் மேலே போய்விட வேண்டும். வலது கை அடுத்தடுத்த சுரங்களில் நடக்கிறது. இடது கை மூன்றே சுரங்களை விட்டு நகர்வதில்லை. நம் கணக்கில் சொன்னால் ச, க, ப, அதிலும் சின்ன காந்தாரம். வலது கை எங்கே போனாலும், அதற்குக் கீழே கிட்டத்தில் இருக்கும் ச-வையோ க-வையோ ப-வையோ இடது கை தொட வேண்டும். முதல் அடியில் இரண்டு சுரம், அடுத்தடுத்த அடிகளில் மூன்று, நான்கு என்று எட்டு வரை ஏறி, அப்படியே இறங்கிவிடும். ஒரே ஓரிடத்தில் இடது கை அந்த மூன்று சுர வீட்டை விட்டு வெளியே காலெடுத்து வைக்கிறது. அந்த இடத்தில் பேர்ட் ஒரு சின்னப் பூ வரைந்திருக்கிறார்.

நான் வாசித்துக்கொண்டிருந்தபோது மகள் அடுத்த அறையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"அப்பா, கீபோர்டு ஹேங் ஆயிடுச்சா?"

ஒரு சுரத்துக்கும் அடுத்த சுரத்துக்கும் நடுவே நான் விட்ட இடைவெளி அப்படி. மணிகள் என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து இந்த முறைக்கு 'டின்டினபுலி' என்று பெயர் வைத்தார் பேர்ட். ஒரு குரல் அலைகிறது, இன்னொரு குரல் வீட்டிலேயே இருக்கிறது. இரண்டும் சேர்ந்து ஒரே குரலாகக் கேட்க வேண்டும். ஒன்றும் ஒன்றும் ஒன்று என்று அவர் மனைவி நோரா சொன்ன கணக்கு அது. பிள்ளைக் கணக்கு மாதிரி இருக்கும், வாசித்துப் பார்த்தால்தான் கை நடுங்குவது தெரியும். ஒளிந்துகொள்ள இடமே இல்லை.

1980இல் குடும்பத்தோடு நாட்டை விட்டுக் கிளம்பி, வியன்னா வழியாக பெர்லின் போய்ச் சேர்ந்தார். அதற்குப் பின் இருபது வருடம் பெரும்பாலும் பாடகர் குழுக்களுக்கும் தேவாலயங்களுக்கும் எழுதியவர், 2002இல் லண்டனில் ஒரு சிவப்பு ராட்சசன் முன்னால் போய் நின்றார்.

தேம்ஸ் நதிக்கரையில் இருக்கும் டேட் மாடர்ன் முன்பு பாங்க்சைடு மின்நிலையமாக இருந்தது. 1981இல் மூடப்பட்டு, 2000இல் கலைக்கூடமாகத் திறந்தது. டர்பைன்கள் ஓடிய கூடத்தை அப்படியே காலியாக விட்டுவிட்டார்கள். நூற்றைம்பது மீட்டருக்கு மேல் நீளம், முப்பத்தைந்து மீட்டர் உயரம். வருடத்துக்கு ஒரு கலைஞரிடம், இதை என்ன செய்கிறாய் பார்க்கலாம் என்று ஒப்படைப்பார்கள். 2002 அக்டோபரில் அது அனிஷ் கபூரின் முறை. மும்பையில் பிறந்தவர், சிகாகோவில் பளபளக்கும் அந்த 'பீன்' சிற்பத்தைச் செய்தவர் என்றால் பலருக்கும் தெரியும்.

கபூர் அந்தக் கூடத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஒரே பொருளை இழுத்துக் கட்டினார். இரண்டு முனைகளிலும் செங்குத்தாக நிற்கும் பெரிய எஃகு வளையங்கள், நடுவில் படுக்கைவாட்டில் தொங்கும் மூன்றாவது வளையம், மூன்றையும் இணைத்து விறைப்பாக இழுத்துப் போர்த்திய கருஞ்சிவப்பு பி.வி.சி. சவ்வு. மூன்று வாய் உள்ள எக்காளம் என்று கற்பனை செய்துகொள்ளலாம், உரித்த தோல் என்றும் சொல்லலாம். எங்கே நின்று பார்த்தாலும் முழுவதும் தெரியாது. வேண்டுமென்றேதான் அப்படி. இந்தச் சவ்வு எப்படி நிற்கும், எங்கே இழுவிசை வரும் என்ற கணக்கையெல்லாம் அவரோடு சேர்ந்து போட்டவர் கொழும்பில் பிறந்த பொறியாளர் செசில் பால்மண்ட். (2012 ஒலிம்பிக்ஸுக்காக லண்டனில் எழும்பிய அந்தக் கோணல்மாணல் சிவப்புக் கோபுரமும் இதே ஜோடியின் வேலைதான். அது எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை.)

சிற்பத்தின் பெயர் 'மார்சியாஸ்'. கிரேக்கக் கதை. அதீனா தேவி ஒரு குழலைச் செய்து ஊதிப் பார்க்கிறாள். ஊதும்போது கன்னம் உப்பி முகம் கோணுவதைப் பார்த்துவிட்டுத் தூக்கி எறிகிறாள். அதை மார்சியாஸ் எடுத்துக்கொள்கிறான். பாதி மனிதன், பாதி விலங்கு, காட்டில் திரிபவன். ஊதி ஊதித் தேர்ந்து, கடைசியில் யாழ் வாசிக்கும் அப்போலோவையே போட்டிக்கு அழைக்கிறான். ஜெயித்தவர் தோற்றவரை என்ன வேண்டுமானாலும் செய்யலாம் என்பது பந்தயம். தெய்வத்தோடு பந்தயம் கட்டினால் முடிவு தெரிந்ததுதானே. அவனை மரத்தில் கட்டி உயிரோடு தோலை உரித்தார்கள்.

ஒரு சின்னத் திருத்தம். இந்தக் கதையைத் தமிழில் எழுதும்போது புல்லாங்குழல் என்று போட்டுவிடுவார்கள். அது ஆலோஸ், வாயில் நாணல் சீவாளி வைத்து ஊதும் இரட்டைக் குழல். நாதஸ்வரத்துக்குத்தான் நெருங்கிய உறவு. கன்னம் உப்புவதைப் பார்த்து அதீனா ஏன் எரிச்சலானாள் என்பது, கோயில் புறப்பாட்டில் நாதஸ்வரக்காரருக்கு எதிரே நின்றவர்களுக்குப் புரியும். வீட்டுக்குள் மடியில் வைத்து வாசிக்கும் யாழும், வெட்டவெளியில் மூச்சைப் பிடித்து ஊதும் குழலும். இந்தப் போட்டியில் எந்தப் பக்கம் நிற்பது என்பதில் எனக்குச் சந்தேகமே வந்ததில்லை.

பேர்ட் அந்தச் சிவப்புக்கு முன்னால் நின்றபோது, உயிரோடு இருக்கும் தானே தன் பிணத்துக்கு முன்னால் நிற்பதுபோல உணர்ந்ததாக எழுதியிருக்கிறார். நிகழ்காலத்திலும் எதிர்காலத்திலும் ஒரே சமயத்தில் நிற்பது போல. அதிலிருந்து எழுந்த கேள்வி, இருக்கிற கொஞ்ச நாளில் என்ன செய்து முடிக்கப் போகிறேன் என்பது. அப்போது அவருக்கு அறுபத்தேழு வயது. இந்தப் புலம்பல் செத்தவர்களுக்கு இல்லை, சாவையும் துன்பத்தையும் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டிய உயிரோடு இருப்பவர்களுக்கு என்றும் சொல்கிறார்.

இதைப் படித்தபோது என் அத்தை நினைவுக்கு வந்தார். தாத்தா செத்த அன்று அவர் வைத்த ஒப்பாரியில் தாத்தாவைப் பற்றி நாலு வரிதான் இருந்திருக்கும். மீதியெல்லாம் அத்தையின் கதை. வாக்கப்பட்ட இடம், வராமல் போன சீர், தனியாக வளர்த்த பிள்ளைகள். எனக்கு அப்போது பத்து வயது. இவங்க ஏன் தாத்தாவை விட்டுட்டுத் தன்னைப் பத்தியே அழறாங்க என்று அம்மாவிடம் கேட்டு, தொடையில் கிள்ளு வாங்கினேன்.

சரி, இசைக்கு வருவோம். பியானோ கான்செர்ட்டோ என்றால் பியானோதான் கதாநாயகன். சைகோவ்ஸ்கியின் முதல் கான்செர்ட்டோவில் பியானோ நுழைவது நம் படங்களின் ஹீரோ என்ட்ரியைத் தவிர வேறில்லை. எதிரே எண்பது பேர், நடுவே ஒருவர், கடைசியில் கைதட்டல் அவருக்கு. பேர்ட் இந்த ஏற்பாட்டுக்குள் போகவில்லை. பியானோவை எடுத்துக்கொண்டதற்கு அவர் சொல்லும் காரணம், அது நம் கவனத்தை 'ஒன்று' என்பதில் நிறுத்துகிறது என்பது. அந்த ஒன்று ஒரு மனிதனாக இருக்கலாம், தன் கதையைத் தானே சொல்லும் ஒரு 'நான்' ஆகவும் இருக்கலாம்.

படைப்பின் இரண்டு துருவங்களையும் அவரே பெயர் சொல்லிக் காட்டுகிறார். நசுக்கும் முரட்டுத்தனம் ஒன்று, நெருக்கமான நொய்மை மற்றொன்று. நடுவில் ஒன்றும் கிடையாது. ரக்வெரே பியானோவைத்தான் நான் மறுபடி நினைத்துக்கொள்கிறேன்.

ஒவ்வொரு பகுதிக்கும் இத்தாலியில் ஒரு பெயர் இருக்கிறது. முதலாவது மிரட்டலாக, இரண்டாவது இரக்கமில்லாமல். என்னை ரயிலில் துள்ளவைத்தது இந்த இரண்டாவதுதான். அந்த ராட்சசக் கூடத்தை நிரப்ப வேண்டும் என்ற கட்டாயம் அதில் தெரிகிறது. உண்மையைச் சொன்னால், இந்த இடம் எனக்குக் கொஞ்சம் பிரம்மாண்டப் படத்தின் போர்க்காட்சி மாதிரிப் படுகிறது. ஊதுகருவிகள் ஒரே திசையில் முட்டுகின்றன. பேர்ட்டின் கைக்கு முரட்டுத்தனம் அவ்வளவு இயல்பாக வரவில்லை. ஆனால் அது அடங்கிய மறுகணம் 'ஃப்ராஜிலே', அதாவது நொய்மையாக, என்ற மூன்றாவது பகுதி தொடங்குகிறது, மிகச் சிறியது. இடிந்து விழுந்த வீட்டுக்குள் ஒருவர் செருப்பில்லாமல் நடப்பதுபோலச் சுரங்கள். அந்தப் பெரிய அடி எதற்கு என்று அப்போதுதான் புரிகிறது. அது இல்லாவிட்டால் இந்தச் சின்னச் சத்தத்தை நாம் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்கமாட்டோம்.

அடுத்து வரும் வேண்டுதல் பகுதியில் பியானோ கேட்கிறது, காத்திருக்கிறது, மறுபடி கேட்கிறது. ஒரு கத்துக்குட்டியாக எனக்கு இங்கேதான் பொறாமை. விரல் வேகம் ஒன்றும் தேவைப்படாத பக்கங்கள் இவை. விழுந்த சுரம் தானாகத் தேய்ந்து போகும்வரை கையை மடியில் வைத்துக்கொண்டிருக்கத் தெரிய வேண்டும். பியானோவில் ஒரு கொடுமை உண்டு. சுரத்தை எழுப்பலாம், பிடித்து வைக்க முடியாது. வயலின்காரர் வில்லை இழுத்துக்கொண்டே இருக்கலாம், குழல்காரர் மூச்சிருக்கும் வரை ஊதலாம். பியானோவில் அடித்த நொடியிலிருந்தே அது செத்துக்கொண்டிருக்கும். சாவைப் பற்றிய படைப்புக்குப் பேர்ட் பியானோவைத் தேர்ந்ததற்கு இது அவர் சொல்லாத காரணம் என்று நானாக நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

தனிமை, ஆறுதல் என்று போய், ஏழாவது பகுதி கிறீச்சிடுகிறது. அதைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. எட்டாவதான 'லாமென்தாபிலே', அதாவது புலம்பலாக, அதுதான் இதயம். இங்கே ஆர்கெஸ்ட்ரா எதிரியாக இல்லை, துக்க வீட்டுக்கு வந்து பேசாமல் உட்கார்ந்திருக்கும் உறவுக்காரர்கள் மாதிரி இருக்கிறது. இந்தப் பகுதியை நான் அடுக்களையில் பாத்திரம் கழுவிக்கொண்டே பலமுறை கேட்டிருக்கிறேன். குழாயை மூடிவிட்டு நின்றுவிடும் இடம் ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு தடவையும் அங்கேயே நிற்கிறேன். ஏன் என்று ஆராயவில்லை.

2003 பிப்ரவரியில் இது முதல்முறையாக அந்தச் சிவப்புச் சவ்வுக்கு அடியிலேயே வாசிக்கப்பட்டது. பியானோவில் எலென் கிரிமோ, லண்டன் சின்ஃபோனியெட்டா, நடத்தியவர் அலெக்சாண்டர் பிரிகர். எதிரொலிக்கு ஏற்ற கூடமில்லை அது, எதிரொலியேதான் கூடம். ஒரு சுரம் நூற்றைம்பது மீட்டர் போய்த் திரும்பி வருவதற்குள் அடுத்தது கிளம்பியிருக்கும். சிற்பத்தை ஓரிடத்தில் நின்று முழுதாகப் பார்க்க முடியாததுபோல, இசையையும் எந்த நாற்காலியில் உட்கார்ந்தாலும் முழுதாகக் கேட்டிருக்க முடியாது என்று நினைக்கிறேன். ஏப்ரலில் சிற்பத்தைக் கழற்றிவிட்டார்கள். அந்தக் கூடத்துக்கென்று அளவெடுத்துச் செய்ததை வேறு எங்கே மாட்டுவது? பிறந்த வீடு இல்லாமல் போன பின்னும் இசை மட்டும் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருக்கிறது.

நான் கேட்பது 2005இல் ஈசிஎம் என்ற இசைத்தட்டு நிறுவனம் வெளியிட்ட பதிவு. பியானோவில் அலெக்சேய் லியுபிமோவ், ஸ்டுட்கார்ட் வானொலி சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா, நடத்துபவர் ஆந்த்ரேய் போரெய்கோ. லியுபிமோவிடம் பிடித்தது, அவர் இந்த எளிய சுரங்களைப் புனிதமாக்க முயல்வதில்லை. வாசித்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்.

கேட்கப் போகிறவர்களுக்கு ஒரே ஒரு யோசனை. முதலில் இரண்டாவது பகுதியை ஒரு நிமிடம் ஓடவிட்டு, அந்தச் சத்தம் காதுக்குப் பொறுக்கும்படி வால்யூமை வைத்துவிடுங்கள். பிறகு ஆரம்பத்துக்குப் போங்கள். முரசு உருள்வது கேட்கிறதா இல்லையா என்று சந்தேகமாகத்தான் இருக்கும், மின்விசிறியை நிறுத்தத் தோன்றும். நிறுத்திவிடுங்கள், வால்யூமைத் தொடாதீர்கள்.